வாசல் பக்கம் மூன்று விரல்

தண்ணீர் வடிந்த பதினோராம் நாள் பெயின்டர் தன் வீட்டுச் சுவருக்கு வெள்ளை அடித்தார். அந்த வீடு செய்த தப்பு அதுதான். அந்தத் தெருவில் வேறு எந்த வீட்டுக்காரனும் இப்படி ஒரு தப்பைச் செய்திருக்க முடியாது. வேறு எவன் வீட்டிலும் பிரஷ்ஷும் வாளியும் தயாராக இல்லை, கறையைக் கண்டால் கை துறுதுறுக்கிற வியாதியும் இல்லை.

அடிக்கச் சொன்னது அவர் மனைவி. நான்கு சுவரிலும் இடுப்புக்கு மேலே ஒரு கோடு ஓடியது. மேல் விளிம்பு கறுப்பு, மெக்கானிக் கடை எண்ணெய் மிதந்து வந்து ஒட்டியது. அதற்குக் கீழே பழுப்பாக இரண்டு மெல்லிய கோடுகள், தண்ணீர் இறங்கும்போது நின்று நின்று இறங்கிய இடங்கள்.

"அதைப் பாத்தா எனக்குச் சோறு தொண்டையில இறங்கல. என் தங்கச்சி கழுத்தை அறுக்க வந்த கத்தி மாதிரி இருக்கு. அழிச்சுத் தொலைங்க," என்றாள்.

அந்தத் தங்கச்சிதான் தையல்காரி. முப்பத்தெட்டு வயது. மூன்று வயதில் வந்த காய்ச்சல் இரண்டு கால்களையும் வாங்கிக்கொண்டு போய்விட்டது. வீட்டின் முன்னறையில் துணி வெட்டும் மேஜை, அதன் மேல் மோட்டார் தையல் மிஷின், மிஷினுக்குப் பக்கத்தில் அவள். மோட்டார் பெடலைத் தரையில் போடாமல் மேஜைமேலேயே வைத்து இடது முழங்கையால் அழுத்துவாள். பள்ளிக்கூடச் சீருடை தைத்துத் தைத்து அந்த முழங்கை காய்த்துப் போயிருந்தது. அக்கா புருஷனை மாமா என்பாள். அவர் அவளை டெய்லரம்மா என்பார்.

வெள்ளத்தன்று அவளை அந்த மேஜைமேல்தான் உட்கார வைத்தார்கள். தண்ணீர் மேஜையைத் தாண்டியதும் மேஜைமேல் ஒரு முக்காலி. ஒரு பக்கம் மாமாவும் மறுபக்கம் அக்காவும் நின்று தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு பகலும் ஒரு இரவும் மறுநாள் நண்பகல் வரைக்கும். அவளுக்கு வேறு என்ன வேலை? சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்சுவரில் சுவிட்ச் பெட்டியின் அடி விளிம்பைத் தண்ணீர் தொட்டு நின்றது. எதிரே வாசல் கதவில் தாழ்ப்பாளைத் தொட்டு நின்றது. இந்த இரண்டு இடங்களும் அவளுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும்.

வெள்ளை அடித்து முடித்தபோது வீடு பளிச்சென்று இருந்தது. மீந்த சுண்ணாம்பை வீணாக்குவானேன் என்று வெளிச் சுவருக்கும் அடித்துவிட்டார். தெருவே பார்த்து வாய் பிளந்தது. அழுகிய மெத்தையும் சேற்றுப் பாத்திரமும் குவிந்து கிடந்த தெருவில் அந்த ஒரு வீடு மட்டும் புதுமாப்பிள்ளை கணக்காக நின்றது.

அடுத்த வாரம் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். ரப்பர் பூட்ஸ், கையில் டேப், கழுத்தில் அடையாள அட்டை, ஒரு போன். மூன்று அடிக்கு மேல் தண்ணீர் நின்ற வீடுகளுக்கு மீட்பு நிதி உண்டு என்றாள். மாடியில் ஓர் அறை கட்டிக்கொள்ளலாம், அடுத்த வெள்ளத்துக்கு மேலே ஏறிக்கொள்ளலாம். அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். மாடியில் ஓர் அறை என்றால் அந்த வீட்டில் அது யாருக்கு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"சார், கோடு எங்க?"

"எந்தக் கோடும்மா?"

"தண்ணி நின்ன கோடு. டேப் வச்சுப் படம் எடுக்கணும்."

"அதை அடிச்சுட்டேனேம்மா. போன வாரமே."

"ஏன் சார் அடிச்சீங்க?"

"நான் பெயின்டரும்மா," என்றார், அதைவிடப் பெரிய காரணம் உலகத்தில் இல்லை என்பதுபோல.

அந்தப் பெண் ஈரச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். போனைத் தட்டிப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"பக்கத்து முட்டைக்காரர் வீட்டுக்கு மூணரை அடின்னு எழுதியிருக்கீங்க. நடுவுல இருக்கிறது ஒரே சுவர். தண்ணி அந்தப் பக்கம் மட்டும் நின்னுட்டு, பெயின்டர் வீடாச்சே, அழுக்காயிடுமேன்னு வெளியவே நின்னுச்சாம்மா?" என்றார் பெயின்டர்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டாள். "எனக்குத் தெரியாதா சார். ஆனா படம் இல்லாம இது அடுத்த பக்கம் போகவே மாட்டேங்குது, பாருங்க." போனைத் திருப்பிக் காட்டினாள். சிவப்பு எழுத்து மினுக்கிக்கொண்டிருந்தது.

"நாங்க எடுத்த படம் எதுவும் இல்லைம்மா. எங்க போனே தண்ணியில போயிடுச்சு," என்றாள் அக்கா.

"மனு குடுங்கக்கா. திரும்ப ஆள் வருவாங்க."

மனு கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஏழு மாதம் பெயின்டர் அலுவலகத்துக்கும் வீட்டுக்குமாக நாயாய் அலைந்தார். ஒரு மேஜையில் இன்னொரு மேஜையைக் காட்டினார்கள். அந்த மேஜையில் ஆள் இல்லை, சாப்பிடப் போயிருந்தார். அப்படி ஒரு சாப்பாட்டை யாரும் அவ்வளவு நேரம் சாப்பிட்டு அவர் பார்த்ததில்லை. வேலைக்குப் போன நாள் பாதி, போகாத நாள் பாதி. மிஷினுக்குள் சேறு புகுந்து மோட்டார் எரிந்துபோனதால் தையல்காரி கையால் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டில் முட்டைக்காரரும் அவர் மனைவியும் தங்கள் கோட்டின் மேல் துடைப்பம் படாமல், தோள் உரசாமல் கண்ணும் கருத்துமாகக் காத்தார்கள். முதல் தவணை வந்தது. தூண் எழும்பியது, வெளியே படிக்கட்டு எழும்பியது. சுவர் வழியாகக் கம்பி வளைக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அக்கா அடுப்படிக்குள் போய்விடுவாள். ஒருநாள் முட்டைக்காரர் மனைவியே வந்து சொன்னாள்.

"அடுத்த தடவை நம்ம மாடிக்கே வந்துடுங்க. என்ன பெரிய விஷயம்?"

"மாடி வரட்டும் அண்ணி," என்றார் பெயின்டர்.

அவர் விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் இரண்டாம் தவணை வரவில்லை. தூணும் படியும் அப்படியே நின்றன. மாடிப்படி இருந்தது, மாடி இல்லை.

எட்டாம் மாதம் கடிதம் வந்தது. வருகிற புதன்கிழமை பொறியாளர் ஒருவர் மறு ஆய்வுக்கு வருவார், நீர்மட்டத் தடயம் சுவரில் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று எழுதியிருந்தது. பெயின்டர் அதை மூன்று முறை படித்தார். பிறகு வெளியே போய், சாக்கடை ஓரத்துச் சேறு ஒரு வாளி, மெக்கானிக் கடையிலிருந்து கழிவு எண்ணெய் அரை டப்பா, வீட்டில் டீத்தூள் ஒரு பொட்டலம் என்று கொண்டுவந்து வைத்தார்.

அக்காவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று.

"ஐயோ, வேண்டாங்க. போலின்னு தெரிஞ்சா?"

"என்னடி போலி? தண்ணி வரலையா?"

"வந்துச்சு."

"நிக்கலையா?"

"நின்னுச்சு. அதுக்காக?"

"இருந்ததை நான் அழிச்சேன். அழிச்சதை நானே திருப்பி வைக்கிறேன். பரண்ல போட்ட சாமானை எடுத்துக் கீழே வைக்கிற மாதிரி. இதுல யார் குடியைக் கெடுத்தேன் நான்?"

"உங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு பதில் இருக்கும்."

"முப்பது வருஷம் அடுத்தவன் வீட்டுக் கறையை மறைச்சே சோறு தின்னிருக்கேன். ஒரு தடவை நம்ம வீட்டுக் கறையை வரைஞ்சுக்கிறேனே."

தையல்காரி பொத்தானை வாயில் கவ்விக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் வேலை. அதை வேலை என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த ஏழெட்டு மாதத்தில் அந்த மனிதர் இவ்வளவு ஆசையாக எதையும் செய்யவில்லை. பின்சுவரில் சுவிட்ச் பெட்டியின் அடியில் பென்சிலால் ஒரு புள்ளி. தரையிலிருந்து அங்கே எவ்வளவு என்று டேப் வைத்துப் பார்த்தார், மூன்றரை அடி. பிறகு ஒவ்வொரு முழத்துக்கும் தரையிலிருந்து மூன்றரை அடி அளந்து சுற்றிலும் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் கீழே அடர்ந்த நிறம், மேலே வெளிர் நிறம் என்று இரண்டு வர்ணம் அடிப்பார்களே, அதற்குப் போடுகிற கோடு அப்படித்தான். தரையிலிருந்து அளந்தால்தான் கண்ணுக்கு ஒழுங்காக இருக்கும் என்பது அந்தத் தொழிலில் முதல் பாடம். நீல மாவு தடவிய நூலை இழுத்துக் கட்டிச் சுண்டினார். கோடு விழுந்தது.

அதன் மேல் கறுப்பு எண்ணெயைப் பழைய துணியால் ஒற்றினார். கீழே சேற்றை டீத் தண்ணீரில் கரைத்து நுரைப்பஞ்சால் தட்டினார். அது காய்ந்ததும் ஈர விரலால் அங்கங்கே தேய்த்து, தண்ணீர் நின்று நின்று இறங்கிய அந்த இரண்டு மெல்லிய கோடுகளையும் கொண்டுவந்தார். விசில் அடித்துக்கொண்டே செய்தார். ஏதோ ஒரு பழைய மெட்டு, பாதியில் நிற்கும், மறுபடியும் ஆரம்பிக்கும்.

இரண்டாம் நாள் மாலை தள்ளி நின்று, இடுப்பில் கை வைத்து, கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார். அக்கா அடுப்படி வாசலில் நின்றவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதே கோடு.

"எப்படி, டெய்லரம்மா?"

தையல்காரி பின்சுவரைப் பார்த்தாள். சுவிட்ச் பெட்டியின் அடி விளிம்பு, சரி. அப்படியே கண்ணை ஓட்டி வாசலுக்கு வந்தாள். தாழ்ப்பாள் கோட்டுக்கு மேலே இருந்தது. மூன்று விரல் மேலே. அந்த வீட்டுத் தரை வாசலைப் பார்த்துச் சரிந்தது, கழுவிவிட்டால் தண்ணீர் வெளியே ஓட வேண்டும் என்று கொத்தனார் அப்படிப் போட்டிருந்தார். தரை சரிந்திருந்ததால் தரையிலிருந்து அளந்த கோடும் கூடவே சரிந்துவிட்டது. துணியில் விளிம்பு அரை விரல் இறங்கினாலே கண்டுபிடிக்கிறவளுக்கு இது தெரியாமல் போகுமா?

சொல்லத்தான் வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் எண்ணெயும் சேறுமாக, பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளைபோல நின்றார். இந்த இரண்டு நாள் உழைப்பும் அவளுக்காக. இருபத்திரண்டு வருடமாக அவளைக் குளியலறைக்கும் கட்டிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் தூக்கிப் போனவர், ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. தூக்கிச் சுமக்கிறவர்களிடம் குற்றம் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. தூக்கும்போது கை இடுக்கில் வலித்தாலும் வலிக்கிறது என்று சொல்ல மாட்டாள். மூன்று விரல்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

"அசல் மாதிரியே இருக்கு மாமா," என்றாள்.

புதன்கிழமை பொறியாளர் வந்தார். நரைத்த மீசை, மெதுவாக நடக்கிற ஆள். கொடுத்த டீயை நின்றபடியே குடித்தார். கோட்டைக் கிட்டே போய்ப் பார்த்தார், மோந்துகூடப் பார்த்தார். "மூணு கோடு. வடியும்போது நின்னு நின்னு வடிஞ்சிருக்கு," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பெயின்டருக்குக் காது வரைக்கும் சிரிப்பு. அக்கா சுவரில் சாய்ந்து மூச்சு விட்டாள்.

படம் எடுக்கப் பின்னால் நகர்ந்தவர் நின்றார். போனை இறக்கினார். மறுபடியும் உயர்த்தினார். பிறகு பையிலிருந்து பாதி குடித்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, படுக்கை வாட்டில் சுவரோடு ஒட்டிப் பிடித்தார். பாட்டிலுக்குள் தண்ணீர் ஆடியது, அடங்கியது. தண்ணீர் ஒரு பக்கம் நின்றது, கோடு ஒரு பக்கம் போனது. நின்ற நிலையிலேயே பெயின்டரைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

பெயின்டர் பாட்டிலையே பார்த்தார். அவருக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது.

"பெயின்டருங்க," என்றாள் அக்கா, விஷயம் தெரியாமல், கொஞ்சம் பெருமையாகக்கூட.

"நல்ல வேலைக்காரர்," என்றார் பொறியாளர். பாட்டிலைப் பைக்குள் வைத்தார். "தண்ணி சரிவா நிக்காதுங்க."

"சார்..."

"தண்ணி வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? நான் இந்தத் தெருவுல பதினாலு வீடு பாத்துட்டு வரேன். ஒண்ணுமே போடாம வெறும் சுவரா வச்சிருந்தா, அக்கம்பக்கத்துச் சாட்சி வாங்கி ஏதாவது எழுதிப் பாத்திருப்பேன். இதை நான் படம் எடுத்து அனுப்பினா என் வேலை போயிடும். எடுக்காமப் போனாலும் என்னன்னு கேப்பாங்க."

"என் மச்சினிச்சி சார்," என்றார் பெயின்டர். "அவளால நடக்க முடியாது. அவளைப் பாருங்க."

பொறியாளர் பார்த்தார். பார்க்க வேண்டிய அளவுக்குப் பார்த்துவிட்டு, குனிந்து தாளில் எழுதினார். எழுதும்போது அவருக்கும் கை வரவில்லை என்பது தெரிந்தது. ஆனால் எழுதினார்.

'செயற்கைத் தடயம்' என்று கடிதத்தில் வந்தது. அந்த வீட்டின் பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. அடுத்த ஐந்து வருடத்துக்கு எந்தப் பேரிடர் உதவிக்கும் மனு செய்ய முடியாது என்றும் இருந்தது. அக்கா அன்றைக்கு அழவில்லை, வாளித் தண்ணீரும் துடைப்பமுமாகப் போய் அந்தக் கோட்டைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"விடு," என்றார் பெயின்டர்.

"இதை வச்சுக்கிட்டு என்ன பண்ண?"

"அழிச்சதுக்கு ஒரு தடவை பட்டாச்சு. வரைஞ்சதுக்கு ஒரு தடவை பட்டாச்சு. இருக்கட்டும் விடு."

பிறகு அவர் விசில் அடிக்கவில்லை. சாரம் கட்டுகிற கம்பும் பலகையும் கொண்டுவந்து, முன்னறையில் ஆறடி உயரத்தில் ஒரு தளம் கட்டினார். உயரமான கட்டடங்களில் தொங்கி வர்ணம் அடிக்கிற கயிற்றுப் பலகையையும் உருளையையும் உத்திரத்தில் மாட்டினார். தையல்காரியை அதில் உட்காரவைத்து மேலே இழுத்துப் பார்த்தார்கள். முதல் தடவை பலகை சுழன்று அவள் சுவரைப் பார்த்தபடி தொங்கினாள். மூவரும் சிரித்தார்கள். அந்த வருடம் அந்த வீட்டில் சிரித்தது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

"கூரை ஷீட்டை உடைச்சுக்கிட்டு மேலே போயிடலாமே?" என்று அக்கா கேட்டாள்.

"அது பூனையைத்தான் தாங்கும்," என்றார்.

மழை முந்திக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தூறல், பத்து மணிக்குப் பெருமழை, பன்னிரண்டு மணிக்கு அணை திறந்துவிட்டார்கள் என்று யாரோ தெருவில் கத்திக்கொண்டு ஓடினார்கள். கத்தின ஆள் தெருமுனை போய்ச் சேர்வதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. பெயின்டர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே இறங்கிப் பார்த்தார். முழங்கால் அளவுதான், ஆனால் கால் நிற்கவில்லை, இழுத்தது. திரும்பி வந்தார். கயிற்றுப் பலகையில் அவளை ஏற்றி இழுத்தார். இந்த முறை சுழலவில்லை. தளத்தில் உட்கார வைத்து, அவள் இடுப்பில் ஒரு கயிறு கட்டி உத்திரத்தோடு முடிச்சுப் போட்டார். அக்கா ரேஷன் அட்டையும் காகிதங்களும் அடங்கிய பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏறினாள், கடைசியாக அவரும் ஏறினார். அந்தப் பையில் அந்தக் கடிதமும் இருந்தது.

பக்கத்தில் முட்டைக்காரரின் குரல் கேட்டது. அவரும் மனைவியும் மாடியில்லாத மாடிப்படியின் கடைசிப் படியில் மழையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"பெயின்டரே! இருக்கீங்களா?"

"இருக்கோம்!"

"எவ்வளவு வந்திருக்கு?"

"இடுப்பு!"

அவ்வளவுதான் பேச்சு. மழை மற்றதை விழுங்கிவிட்டது.

தையல்காரி எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் பழுப்பாக, சத்தமில்லாமல் ஏறியது. வாசல் பக்கம் அவர் வரைந்த கோட்டைத் தொட்டது, மூழ்கடித்தது. பின்சுவரில் கோடு இன்னும் காய்ந்திருந்தது.

"வாசல்கிட்ட முழுகிடுச்சு. பின்னாடி இன்னும் மூணு விரல் இருக்கு," என்றாள்.

பெயின்டர் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார்.

"உனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும் மாமா."

அக்கா சட்டென்று திரும்பினாள். "பாவி, தெரிஞ்சுதான் வாயை மூடிக்கிட்டு இருந்தியா? யாருக்காகடி அந்த மனுஷன் அல்லாடினாரு?"

"அவளை விடு," என்றார் பெயின்டர். பிறகு அவளிடம், "சொல்லியிருக்கலாமேம்மா," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அது அவளுக்குக் கோபத்தைவிட மோசமாக இருந்தது.

"நீங்க விசில் அடிச்சுக்கிட்டு இருந்தீங்க மாமா."

பின்சுவரிலும் கோடு மூழ்கியது. சுவிட்ச் பெட்டி மூழ்கியது. இப்போது நான்கு சுவரும் ஒரே மாதிரி வெள்ளையாக இருந்தன.

பெயின்டர் இடுப்பிலிருந்து டேப்பை உருவி, தளத்து விளிம்பிலிருந்து தண்ணீர் வரைக்கும் நீட்டி அளந்தார். பழக்கதோஷம்.

"எவ்வளவு?" என்றாள் அக்கா.

"ரெண்டடி."

மழை விடவில்லை. முட்டைக்காரர் மறுபடியும் கூப்பிட்டார், என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. தையல்காரி அக்காவின் கையைத் தேடிப் பிடித்தாள். அக்கா கையை உதறவில்லை. மிதந்து வந்த முக்காலி கம்பில் முட்டி நின்றது.

மறுபடியும் அளந்தார்.

"எவ்வளவு?"

"ஒண்ணே கால்."

மூன்றாம் முறை அளந்தவர் டேப்பை மெதுவாகச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார். எவ்வளவு என்று சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.